படிகாரம் கற்பித்த பாடம்

நாம் கல்லூரியிற் கற்ற காலத்தில், எமது இரசாயன ஆசிரியர் ஒருநாள் கலங்கிய வாய்க்கால் நீரைக் கண்ணாடி முகவையில் எடுத்து, அதிற் சிறிது படிகாரக் கரைசலை விட்டுக் கலக்கினார். கலங்கல் திரண்டு அடியில் அமர, மேல்நீர் தெளிந்தது. நாம் கைதட்டினோம். ஆசிரியரோ, "சேறு எங்கே போயிற்று?" என்று வினவி, முகவையின் அடியைச் சுட்டிக் காட்டினார். அவ்வினாவின் பொருள் எமக்கு விளங்கப் பல்லாண்டுகள் சென்றன.

பின்னாளில் எமது ஊர்க்குளமும் அதனைச் சூழ்ந்த சதுப்பும் பாசியால் மூடுண்டன. மாரி மழை தோட்டங்களின் பசளையைக் கழுவி வந்து சேர்த்ததே காரணம். ஊர்க்கூட்டத்தில், படித்தவர் என்ற செருக்கோடு, படிகாரம் இடுமாறு நாம் கூறினோம். படிகாரம் நீரில் அலுமினியம் ஐதரொட்சைட்டாகத் திரளும். அத்திரள் பாசிக்கு உணவாகும் பொசுபேற்றைப் பற்றிக்கொண்டு அடியில் அமரும். அவ்வாறே நீர் தெளிந்தது. ஊரவர் எம்மைப் பாராட்டினர். அடுத்த மாரியிற் குளம் மீண்டும் பச்சையாயிற்று. முதியவர் ஒருவர், "வாய்க்காலைப் பாராமல் குளத்துக்கு மருந்து போட்டால் எப்பிடித் தம்பி?" என்றார். அவ்வாய்க்கால்களுள் ஒன்று எமது வெங்காயத் தோட்டத்திலிருந்தே வந்தது!

நாணத்தோடு நூல்களை நாடியபோது, அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின் வரலாற்றை அறிந்தோம். கரும்பு வயல்களின் பொசுபரசு அங்கு பாய, இயற்கையான கோரையினத்தை அழித்துச் சம்பு மண்டிற்று. 1994 ஆம் ஆண்டில் அதனைக் காக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் இலீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் என்பது பொசுபரசின் எல்லையாயிற்று. இரசாயன முறையையும் அறிஞர் சோதித்தனர். அது பொசுபரசை நன்கு குறைத்தது. ஆயின் படிந்த கழிவை அகற்றும் சுமையும் உடன்வந்தது. ஆதலின், 50,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பிற் செயற்கைச் சதுப்புகளை அமைத்து, நீர்த்தாவரங்களைக் கொண்டே நீரைத் தெளிவித்தனர். வயல்களிலிருந்து வெளியேறும் பொசுபரசை 25 வீதம் குறைக்கவும் விதித்தனர்.

படிகாரத்தை நாம் பழிக்கவில்லை. நோய் முற்றிய நீர்நிலைக்கு அது நல்ல மருந்தே. ஆனால் மென்னீரில் அளவு மிஞ்சினால் நீர் அமிலமாகி மீன்கள் மடியும். நைத்திரேற்றை அது பற்றுவதுமில்லை. மருந்து வந்த நோயைத் தணிக்கும். வரும் நோயைத் தடுப்பது வாய்க்காலின் தலைமாட்டில் நிற்பவன் கையிலேயே உள்ளது.

இப்போது எமது தோட்டத்திற்கு அளந்தே பசளை இடுகின்றோம். இளம் மாணவர்களே, தெளிந்த நீரைக் கண்டு கைதட்டுமுன், முகவையின் அடியையும் ஒருமுறை நோக்குங்கள்.