பத்து வருஷத்துக்கு ஒரு கிடா

கறிக்கு வளர்க்கிற கிடாவுக்கு ஆயுள் பத்து மாசமோ ஒரு வருஷமோதான். பிள்ளைகள் பெயர் வைத்துக் கூப்பிடுகிற கிடா பத்துப் பன்னிரண்டு வருஷம் நம்மோடு இருக்கும். இரண்டுக்கும் ஒரே கைப்பக்குவம் போதும் என்று நினைத்துத்தான் எங்கள் முதல் செல்லக் கிடாவை நான் பறிகொடுத்தேன்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டு ஊர் எங்களுடையது. அம்மா காலத்திலிருந்தே கன்னி ஆடுதான். கறுப்பு உடம்பு, முகத்தில் இரு பக்கமும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மையாக இருந்தால் செங்கன்னி. ஒரு பால்கன்னி போட்ட இரட்டைக் குட்டியில் கிடாவை மட்டும் விற்கக் கூடாது என்று மகள் கட்டிப் பிடித்துக்கொண்டாள். வெள்ளையன் என்று பெயரும் வைத்துவிட்டாள்.

விற்காத கிடாவைக் காயடிக்காமல் வைத்திருக்க முடியாது. மூன்று மாசம் முடிந்தாலே பெட்டை மேல் ஏறப் பார்க்கும், தாய் தங்கை என்று பாராது. வளர்ந்தபின் தன் தாடியிலும் முன்னங்கால்களிலும் தானே மூத்திரத்தைப் பீய்ச்சிக்கொள்ளும். அந்த வீச்சம் தொட்ட கையை விட்டு இரண்டு நாளானாலும் போகாது. பருவம் வந்தால் வீட்டுப் பிள்ளை என்றும் பாராமல் முட்டும். அதனால் எல்லோரும் செய்கிற மாதிரி மூன்றாம் வாரத்திலேயே ரப்பர் வளையம் போட்டுவிட்டேன். பிஞ்சிலேயே முடித்துவிட்டால் வலி தெரியாது என்பார்கள். தெரியும். அன்று பொழுதுக்கும் குட்டி படுத்து எழுந்து, படுத்து எழுந்து, பின்னங்காலை உதறிக்கொண்டே இருந்தது. பால் குடிக்கப் போய் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

அதற்குப் பின் வெள்ளையன் நன்றாகத்தான் வளர்ந்தான். மகள் தட்டில் மிஞ்சிய சோறு, கம்பு, கழனித் தண்ணீரில் கலந்த அரிசித் தவிடு என்று செல்லத்துக்குக் குறைவில்லை. இரண்டரை வயதில் ஒரு நாள் சாயங்காலம், உடம்பை நீட்டி முக்கிக்கொண்டு நின்றான். வால் துடித்தபடியே இருந்தது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டினேன். ராத்திரியெல்லாம் கத்தினான். விடியற்காலம் சத்தம் நின்றது. படுத்து அமைதியாக என்னைப் பார்த்தான். தேறிவிட்டான் என்று மகளை எழுப்பிச் சொல்லவும் செய்தேன். மத்தியானத்துக்குள் வயிறு இரண்டு பக்கமும் பானை மாதிரி இறங்கிவிட்டது. டாக்டர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "மூத்திரப்பை வெடிச்சிருச்சுங்க" என்றார். விடியற்காலம் நான் பார்த்த அமைதி அதுதான்.

கல்லடைப்பு. குறியின் முனையில் புழு மாதிரி மெல்லிய நீட்சி ஒன்று இருக்கும், முதலில் கல் சிக்குவது பெரும்பாலும் அங்கேதான். அன்று சாயங்காலமே போயிருந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டாலே மூத்திரம் இறங்கியிருக்கலாம் என்றார் டாக்டர். குறி மயிரில் மணல் மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டியிருந்ததை விரலால் தேய்த்துக் காட்டினார். அது எத்தனை நாளாக அங்கே இருந்ததோ, நான் பார்த்ததே இல்லை.

காரணம் இரண்டு, இரண்டும் என் கையால் ஆனவை. மூத்திரக்குழாய் அகலப்பட ஆண் சுரப்பு வேண்டும். பிஞ்சிலேயே அதை நிறுத்திவிட்டால் குழாய் ஒடுக்கமாகவே நின்றுபோகும். அதன்மேல் தவிடும் தானியமும். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. பொடிப்பொடியாகக் கல் சேர அதுவே போதும். பத்து மாசத்தில் கசாப்புக்குப் போகிற கிடாவுக்குக் கல் திரளும் முன்பே ஆயுள் முடிந்துவிடுகிறது. அதனால்தான் கறிக்கிடா வளர்க்கிறவர்கள் மூன்றாம் வாரத்தில் வளையம் போட்டும் தப்பிக்கிறார்கள்.

அடுத்த செல்லக் கிடா கருப்பனைக் காயடிக்க நாலு மாசம் வரை பொறுத்தேன். மூன்றாம் மாசமே பெட்டைகளிடமிருந்து பிரித்துத் தனிப்பட்டியில் இன்னொரு கிடாக்குட்டியோடு விட்டேன். துணைக்கு ஒன்று வேண்டும், ஒற்றையாக அடைத்தால் ஆடு கத்தியே மெலிந்துபோகும். ரணஜன்னித் தடுப்பூசி முதலிலேயே போட்டாயிற்று.

பர்டிசோ இடுக்கியால் செய்தார்கள். அதைக் கண்டுபிடித்த இத்தாலிய கால்நடை மருத்துவரின் பெயரே கருவிக்கும் நிலைத்துவிட்டது. தோலைக் கிழிக்காமல், உள்ளே விதைக்குப் போகும் நரம்புக் கொடியை மட்டும் நசுக்கும். நான் பெஞ்சில் உட்கார்ந்து, கருப்பனின் முதுகை என் நெஞ்சோடு சாய்த்து, ஒரு பக்கத்து முன்காலையும் பின்காலையும் ஒரு கையில், மறுபக்கத்து இரண்டையும் மறு கையில் பிடித்துக்கொண்டேன். மரப்பு ஊசி போட்டுக் காத்திருந்தபின் டாக்டர் விதைப்பையின் கழுத்தில் விரலால் தேடிக் கொடியை ஓரத்துக்குத் தள்ளினார். சிறு காம்புகள் இடுக்கியில் மாட்டவில்லையே என்று ஒருமுறை பார்த்தார். பிறகு நறுக்கென்று ஒரு சத்தம். கருப்பனின் நெஞ்சு என் நெஞ்சில் அடித்துக்கொண்டது. மறுபக்கத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கித்தான் பிடித்தார். இரண்டு நசுக்கும் ஒரே கோட்டில் சேர்ந்தால் பைக்கு ரத்தம் போகாமல் அழுகிவிடும். வலிக்கு ஒரு ஊசி போட்டார். மறுநாளே கொம்பை உரசிக்கொண்டு நின்றான். ஆறு வாரம் கழித்துத் தடவினால் விதை புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதுவரை பெட்டைகளோடு சேர்க்கவில்லை. காயடித்த பிறகும் சில வாரம் சினைபிடிக்க வைக்கும்.

கொம்பைப் பற்றிக் கேட்கிறவர்கள் டவுன்காரர்கள்தான். பிள்ளை கண்ணில் குத்திவிடும், தீய்த்துவிடலாமா என்பார்கள். தீய்ப்பதென்றால் குட்டி பிறந்து பத்து நாளுக்குள் செய்ய வேண்டும். கன்றுக்குட்டிக்குச் செய்கிற மாதிரி ஆட்டுக்குட்டிக்குச் செய்யவே கூடாது. குட்டியின் மண்டை ஓடு அத்தனை மெல்லிசு. காய்ச்சின இரும்பு சில நொடி கூடினால் சூடு மூளைக்குப் போய்விடும். கன்றுக்கு மரப்பு ஊசி கொம்புக்கு ஒரு இடம் போதும், ஆட்டுக்கு இரண்டு நரம்பு. அந்த மருந்தும் ஆட்டுக்குக் கொஞ்சம் மிஞ்சினால் ஆபத்து. வளர்ந்த ஆட்டின் கொம்பை அடியோடு அறுப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கொம்பின் அடி மண்டை எலும்புக்குள் இருக்கிற காற்றறையோடு சேர்ந்திருக்கிறது. அறுத்தால் தலையில் ஓட்டை விழும். கரிசல் வெயிலில் உடம்புச் சூட்டை வெளியே விடவும் கொம்பு உதவுகிறது. தெருநாய் வந்தால் ஆட்டுக்கு இருப்பதும் அது ஒன்றுதான். நான் செய்வதெல்லாம், ரத்தம் ஓடாத நுனியை அரத்தால் மழுக்கி, தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகிவிடுவது. கொம்பில்லாத மோழை ஆடு வேண்டுமென்று மோழையோடு மோழையைச் சேர்ப்பவர்களும் உண்டு. அதில் சில சமயம் ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் மலட்டுக்குட்டி பிறக்கும்.

மேய்ச்சலில் என் கட்டுப்பாடு பிடிவாதமானது. இரண்டு மாசம் வரை குட்டி மந்தையோடு போகாது. கட்டித் தொங்கவிட்ட வேப்பங்கொத்தையும் அகத்தியையும் எம்பிக் கடித்துப் பழகும். பனி காயாமல் எதையும் அவிழ்க்க மாட்டேன். குடற்புழுவின் குஞ்சு ஈரப் புல்லில்தான் ஏறும். ஆடு நிமிர்ந்து மேய்கிற பிராணி, உடையும் கருவேலும் கிடைத்தால் தரைப்புல்லைச் சீண்டாது. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்ப்பேன். உள்ளே சிவந்திருந்தால் சரி, வெளுத்திருந்தால் புழு ரத்தத்தைக் குடிக்கிறது. மழைக்குப் பின் தளதளவென்று கிளம்பும் புல்லில் திடீரென விட்டால் துள்ளுமாரி வரும், அதற்குத் தடுப்பூசி மழைக்கு முன்பே. அறுத்த தட்டையில் மறுபடி தளிர்க்கிற சோளம் எல்லாவற்றையும்விடக் கொடியது. தண்ணீர் காணாமல் வாடிய தளிரில் நாலு வாய் போதும், டாக்டருக்குப் போன் போடக்கூட நேரமிருக்காது. வீட்டு வாசல் அரளியும் அப்படித்தான், டவுனில் செல்லக் குட்டிகள் அதைக் கடித்தும் சாகும்.

கருப்பனுக்கு இப்போது ஒன்பது வயது. தவிடு கிடையாது, சோறு கிடையாது. காட்டில் நடந்து தழை கடித்து, திரும்பி வந்து வாளித் தண்ணீரை உறிஞ்சுவான். கோடையில் தண்ணீரில் சிட்டிகை உப்புப் போடுவேன், இன்னும் கொஞ்சம் குடிக்கட்டும் என்று. மகள் விடுதியிலிருந்து போன் பேசினால் அவனைத்தான் முதலில் விசாரிப்பாள். காலையில் பட்டியைத் திறந்ததும், அவன் முதுகை வளைத்து நின்று தடையில்லாமல் மூத்திரம் பெய்கிற சத்தம் காதில் விழுந்த பிறகுதான் நான் காப்பி போட அடுப்படிக்குப் போவேன்.