வாயை மட்டும் அசை!

ஏழாம் வகுப்பில் எனக்குக் கிடைத்த முதல் இசை விமர்சனம் இது: "நீ பாடாதே. வாயை மட்டும் அசை."

சுதந்திர தினத்துக்குக் கோரஸ் பாடப் பத்துப் பேரை நிறுத்தியிருந்தார்கள். ஒத்திகையில் பாட்டு வாத்தியார் ஒவ்வொருவர் வாயருகேயும் காதைக் கொண்டுபோனார். என்னிடம் வந்ததும் பல்வலி வந்தவர் போல் முகத்தைச் சுளித்தார். தீர்ப்பு சொன்னார். அதற்கப்புறம் பாத்ரூமில்கூட நான் பாடியதில்லை. அப்பா மார்கழியில் மயிலாப்பூர் மாட வீதி பஜனைக்கு ஜால்ராவோடு கிளம்புவார். "வாடா" என்பார். போர்வையை இன்னும் இழுத்துக்கொள்வேன். (அப்பாவுடையது நிஜ ஜால்ரா. ஆபீஸில் நாம் தட்டுவது வேறு.)

பின்னாளில் ஆபீஸ் என்னை இரண்டு வருடம் லண்டனுக்கு அனுப்பியது. அங்கே கணக்குப் பிரிவில் ஒரு பெரியவர். ஐம்பத்தெட்டு வயது. வவுச்சரில் ஒரு பென்னி இடித்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அவரைக் கண்டால் எங்களுக்கெல்லாம் உதறல். ஆனால் வாரத்தில் ஒரு நாள் மாலை மட்டும், சொல்லி வைத்தாற்போல் ஐந்தரைக்கு மேஜையைப் பூட்டிவிட்டு, கையில் ஒரு தடி நோட்டுப் புத்தகத்தோடு ஓடுவார்.

"எங்கே ஸார், இவ்வளவு அவசரம்?"

"பாட" என்றார்.

நம்ப முடியவில்லை. விசாரித்தால், மனிதர் லண்டன் 'பாஹ் கொயர்' உறுப்பினர். சாதாரணக் குழு இல்லை. பாஹ் எழுதிய 'பி மைனர் மாஸ்' என்ற பிரம்மாண்டத்தை இங்கிலாந்தில் முதன்முதலாக முழுசாகப் பாடுவதற்கென்றே 1875ல் சேர்ந்த கூட்டம். 1876 ஏப்ரலில் பாடியும் காட்டினார்கள். நடத்தியவர் ஓட்டோ கோல்ட்ஷ்மிட். அவர் மனைவி அந்தக் காலத்தில் ஐரோப்பாவையே கிறங்கடித்த பாடகி ஜென்னி லிண்ட். அன்று ஆரம்பித்தவர்கள் இன்னும் நிறுத்தவில்லை.

அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "சம்பளம் எவ்வளவாம்?"

"சம்பளமே கிடையாதுப்பா. இவங்கதான் சந்தா கட்டறாங்க."

"அட, நம்ம பஜனை கோஷ்டி மாதிரி!" என்றார் அப்பா, பரம திருப்தியாக.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் கோஷ்டியில் சேர்ந்துவிட்டால் ஆயுள் சந்தா. அங்கே மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரும் தனியாகப் பாடிக் காட்ட வேண்டும். தேறினால்தான் தொடரலாம். முப்பது வருட சர்வீஸ் என்றெல்லாம் செல்லாது. நம் ஆபீஸில் இப்படி ஒரு பரீட்சை வைத்தால் எத்தனை நாற்காலி காலியாகும் என்று எண்ணிப் பார்த்தேன். என்னுடையதில் வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

பெரியவர் 1979ல் சேர்ந்தவர். சார்லஸ் - டயானா கல்யாணத்தில், 1981ல், செயின்ட் பால் தேவாலயத்தில் பாடிய கும்பலில் இவரும் ஒருவர். ரோலிங் ஸ்டோன்ஸ் 1969ல் வெளியிட்ட 'லெட் இட் ப்ளீட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு இந்தக் குழுவின் குரலில்தான் ஆரம்பிக்கிறது. "அதுல நான் இல்லை, அப்ப ஸ்கூல் பையன்" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

ஆனால் அவர் குரல் மாறியது ஒரே ஒருவரைப் பற்றிப் பேசும்போதுதான். டேவிட் வில்காக்ஸ். 1960லிருந்து 1998 வரை, முப்பத்தெட்டு வருடம் குழுவை நடத்தியவர். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களோடு நின்றவர். 1944ல் நார்மண்டியில் 'ஹில் 112' என்ற குன்றில் நடந்த சண்டைக்காக மிலிட்டரி கிராஸ் வாங்கியவர். அந்த மனிதர் பயிற்சி கொடுத்த குழுதான் 1963ல் பெஞ்சமின் பிரிட்டனின் 'வார் ரெக்வியம்' இசைத்தட்டில் பாடியது. போரில் செத்தவர்களுக்கான இரங்கல் இசை. தனிக் குரல்களாக ஒரு ரஷ்யப் பெண்மணி, ஒரு ஆங்கிலேயர், ஒரு ஜெர்மானியர். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஐந்தே மாதத்தில் இரண்டு லட்சம் செட் விற்றது. 1964ல் கிராமி பரிசுகளையும் அள்ளியது. பின்னணியில் பாடியவர்கள்? பகலில் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வேலை பார்த்துவிட்டு மாலையில் ஓடி வந்தவர்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய ஒரு ஞாயிறன்று ராயல் ஃபெஸ்டிவல் ஹாலுக்குக் கூப்பிட்டார். வருடா வருடம் அவர்கள் பாடும் பாஹின் 'செயின்ட் மாத்யூ பேஷன்'. காலையில் ஆரம்பித்து, நடுவில் சாப்பாட்டு இடைவேளை விட்டு, மறுபடி தொடர்கிறது. (சபா கேன்டீன் இல்லை. சாண்ட்விச்தான்.) நடத்தியவர், 1998ல் பொறுப்பேற்ற டேவிட் ஹில். எனக்கு சாஸ்திரீய சங்கீதம் எதுவும் தெரியாது, மேற்கும் சரி, கிழக்கும் சரி. ஆனால் அத்தனை பேரும் ஒரே மூச்சில் எழும்பியபோது கை ரோமமெல்லாம் நின்றது. பெரியவர் எங்கே இருக்கிறார் என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவர் வவுச்சரில் மூழ்கியிருந்தார்.

"உங்க குரலைத் தனியா கேட்கவே முடியலையே ஸார்" என்றேன்.

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என் குரல் தனியா கேட்டிருந்தா, நான் தப்பு பண்ணியிருக்கேன்னு அர்த்தம்."

பத்திரிகைகள் புகழ்ந்தால் குழுவைப் புகழும். நடத்துபவர் பெயரைப் போடும். இவர் பெயர் ஒரு நாளும் வராது. முப்பது வருடமாக வரவில்லை. பக்கத்து சீட்காரனுக்கு இன்க்ரிமென்ட் நூறு ரூபாய் கூட வந்ததற்கு மூன்று நாள் தூங்காதவன் நான். என்ன சொல்வதென்று தெரியாமல் என் சீட்டுக்குத் திரும்பினேன்.

அடுத்த வருடம் அதே ஹால். என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் பெரியவர். கறுப்பு கோட் இல்லை, சாதாரண சட்டை.

"நீங்க மேடையில இல்லையா ஸார்?"

"இந்த வருஷம் எனக்குப் பரீட்சை முறை. மேல் ஸ்தாயியில குரல் நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. வேற யாரும் சொல்றதுக்கு முன்னாடி நானே விலகிட்டேன்."

ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னார். விளக்கு மங்கியது. கோரஸ் எழுந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். கையில் நோட்டு இல்லை. ஒவ்வொரு வரிக்கும் அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சத்தமே வரவில்லை.

என்னை வாயை அசைக்கச் சொன்னபோது எனக்கு அவமானமாக இருந்தது. இவர் வாயை அசைத்தது வேறு ஜாதி. முப்பது வருடம் பாடித் தீர்த்தவருடையது. பாடிப் பார்க்காமலே நிறுத்திய நானும் அவரும் ஒன்றா?

வில்காக்ஸ் 2015ல் தொண்ணூற்றைந்து வயதில் காலமானார். செய்தி பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது பெரியவரின் உதடுகள்தான். அப்போது நான் சென்னை திரும்பியாகிவிட்டது. அந்த மார்கழியில் அப்பா வழக்கம்போல் "வாடா" என்றார். போர்வையை உதறிவிட்டு எழுந்தேன்.

அன்றிலிருந்து வாயை மட்டும் அசைப்பதில்லை. வாய்விட்டே பாடுகிறேன். என் குரல் இன்னும் தனியாகத்தான் கேட்கிறது என்று அப்பா சொல்கிறார். மாட வீதிவாசிகள் பொறுத்தருள வேண்டும். பழகிக்கொண்டிருக்கிறேன்.