சேப்பாக்கத்தில் ஒரு ‘நோ கோதுமை’ மேட்ச்!

சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் போனா நீங்க எதைத் தேடுவீங்க? நல்ல சீட்டு, பெரிய ஸ்க்ரீன்ல நம்ம மூஞ்சி... அதானே? நான் தேடினது கோதுமை கலக்காத ஒரு கப் தீனி! சிரிக்காதீங்க பாஸ், மேட்டர் சீரியஸ்.

எனக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை தானியங்கள்ல இருக்குற ‘க்ளூட்டன்’ங்கிற புரதம் உள்ளே போனா, என் உடம்போட எதிர்ப்பு சக்தியே என் சிறுகுடலைப் பதம் பார்த்துடும். இதைக் குணமாக்க மாத்திரை கிடையாது. காலம் பூரா க்ளூட்டனுக்கு ‘டூ’ விடுறதுதான் வைத்தியம்.

‘இட்லி, தோசை ஊர்ல உனக்கென்னடா கவலை?’னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். போன வருஷம் வெளியூர்ல இன்டர் காலேஜ் கிரிக்கெட். இட்லிதானேன்னு சாம்பாரை ஊத்தி வெளுத்துக் கட்டினேன். மறுநாள் ஃபைனல்ல நான் பேட்டைப் பிடிக்கலை, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்! டீம் தோத்துச்சு. கேப்டன் ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் ரொம்ப வலிச்சது.

வில்லன் யார் தெரியுமா? பெருங்காயம்! சுத்தமான பெருங்காயம் செம காட்டம். அதனால, கடையில விக்கிற கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். அரிசி மாவு கலந்ததும் கிடைக்குது. டப்பாவைத் திருப்பிப் படிச்சாதான் தெரியும்.

அதனாலதான் பசங்க ஐ.பி.எல். டிக்கெட் எடுத்தப்போ ‘நான் வரலைடா’ன்னு நைஸா கழண்டேன். அதே கேப்டன் என்னை இழுத்துட்டுப் போயிட்டான்.

பறக்கும் ரயில்ல சேப்பாக்கம் ஸ்டேஷன்ல இறங்கினா, கண்ணுக்கு எட்டின வரைக்கும் மஞ்சள் டி-ஷர்ட்! 1916-லேர்ந்து இருக்குற மைதானம் இது. 1952-ல இங்கிலாந்தை ஜெயிச்சு இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை ருசிச்சது இங்கேதான். 1986-ல ஆஸ்திரேலியாவோட ஆடின டெஸ்ட் ‘டை’ ஆனதும் இங்கேதான். ‘ருசி’ன்னதும் வயிறு ஞாபகம் வந்துடுச்சு. வெளிச் சாப்பாட்டுக்கு உள்ளே அனுமதி இல்லை. கடைகளை நோக்கி நடந்தோம்.

சமோசா, பஃப்ஸ், சாண்ட்விச்... மூணும் க்ளீன் போல்டு. உருளைக்கிழங்கு ஃப்ரைஸ்? கிழங்கு நல்லவன்தான், ஆனா சமோசா பொரிச்ச அதே எண்ணெய்ல குளிச்சா ரன் அவுட். கோன் ஐஸ்? கோனே கோதுமை மாவுதான். கப் ஐஸ்னா, பிஸ்கட்டும் மால்ட்டும் இல்லையான்னு பார்க்கணும். மால்ட்னா பார்லி! மசாலா பாப்கார்ன்? மசாலாவுல என்ன மாவு இருக்கோ, தேர்ட் அம்பயருக்குத்தான் வெளிச்சம்.

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள கேப்டன் முந்திக்கிட்டான். ‘‘அண்ணே, பாப்கார்ன் மசாலா இல்லாம, வெறும் உப்பு மட்டும் போட்டுத் தருவீங்களா? புதுக் கரண்டியில எடுங்கண்ணே. இவனுக்குக் கோதுமை பட்டாலே ஆகாது!’’

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, ‘‘சப்பாத்திகூடவா தம்பி?’’ன்னார். அப்புறம் கையைக் கழுவிட்டு வந்து, புது கப்புல நிரப்பிக் கொடுத்தார். நாட் அவுட்!

‘‘உனக்கு எப்படிடா இதெல்லாம் தெரியும்?’’னு கேட்டேன். ‘‘ஃபைனல் தோத்த அன்னிக்கு நைட்டு உக்காந்து படிச்சேன் மச்சி. அடுத்த ஃபைனலுக்கு எனக்கு ஓப்பனர் வேணும்ல?’’ அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் ஸ்கோர்போர்டு எனக்கு மங்கலாத்தான் தெரிஞ்சுது.

டென்னிஸ் ஸ்டார் ஜோகோவிச் தெரியுமில்ல? க்ளூட்டனை விட்ட பிறகு 2011-ல மூணு கிராண்ட் ஸ்லாம் ஜெயிச்சார். எனக்கு அவ்வளவு பேராசை இல்லைங்க. இருபது ஓவரும் வயிறு வலிக்காம உக்காந்து கத்தினேன், அது போதும்.

உங்க கேங்லயும் யாராவது, ‘எனக்கு வேணாம்டா’ன்னு பிளேட்டைத் தள்ளலாம். ‘சீன் போடுறான்’னு ஓட்டாதீங்க ப்ளீஸ். ஏன்னு ஒரு தடவை கேளுங்க. அப்படியே பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சும் சொல்லுங்க!