நீங்க யாருக்காகப் பேசறீங்க?

குடியிருப்பு மட்டாஞ்சேரி, வேலை எர்ணாகுளம் வட்டார அலுவலகத்துல. 2021 நவம்பர் வரைக்கும் அங்கே எனக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது: நோடல் அதிகாரி. ரிசர்வ் வங்கியோட ஆம்புட்ஸ்மேன்கிட்ட யாராவது புகார் கொடுத்தா, பாங்க் சார்பா பதில் சொல்ற ஆள். 2006 திட்டத்துல இப்படி வட்டாரத்துக்கு வட்டாரம் ஆள் உண்டு. கேரளாவுக்கு ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் திருவனந்தபுரத்துல.

2020 ஆரம்பத்துல ஒரு பெரியவர் வந்தார். ஃபோர்ட் கொச்சி வெளியில இருக்கிற தோபி கானாவுல துணி வெளுக்கிறவர், நம்ம தமிழ் ஆளு. ஏடிஎம்ல 8,000 ரூபாய் வரலை, கணக்குல கழிஞ்சிடுச்சு. கிளைக்கு எழுதிக் கொடுத்து ஒரு மாசம் காத்திருந்து, அப்புறம்தான் ஆம்புட்ஸ்மேனுக்குப் போயிருக்கார். கிளையோட பதில் ஒரே வரி: "பரிவர்த்தனை வெற்றி."

நான் தமிழ்ல பேசினதும் முகம் மலர்ந்துடுச்சு. அடுத்த நிமிஷமே கேட்டார்: "தம்பி, நீங்க பாங்குக்காகப் பேசறவரா, எனக்காகப் பேசறவரா?"

"பாங்குக்காகத்தான், அய்யா."

மனுஷர் ஒண்ணும் சொல்லலை. குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். எனக்குத்தான் அன்னைக்கு சோறு இறங்கலை.

மறுநாள் மெஷின் பதிவையும் பணம் எண்ணின கணக்கையும் வரவழைச்சேன். மெஷின்ல சரியா 8,000 அதிகம்! யாரும் பார்க்கலை, அவ்வளவுதான். 2019 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, 5 நாளுக்குள்ள திருப்பித் தரணும். தாண்டினா நாளைக்கு 100 ரூபாய், வாடிக்கையாளர் கேட்காமலே. 50 நாள் தாமதம். தப்பு எங்க பக்கம்னு எழுதி, 13,000 ரூபாயை வரவு வைக்கச் சொன்னேன். மேலே இருந்து, "ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டீங்க?"ன்னு ஒரு ஃபோன். இதுவும் பாங்குக்காகப் பேசினதுதான் சார்னேன்.

2021 நவம்பர் 12-ல மூணு திட்டங்களையும் சேர்த்து ஒருங்கிணைந்த திட்டம் வந்தது. ரிசர்வ் வங்கிகிட்ட பதில் சொல்றது தலைமை அலுவலகத்துல இருக்கிற முதன்மை நோடல் அதிகாரி. அரசு வங்கின்னா பொது மேலாளர் அந்தஸ்துக்குக் குறையக் கூடாது. துணைக்கு ஆள் வச்சுக்கலாம். ஆனா எங்க வட்டாரத்துல அந்தப் பொறுப்பு முடிஞ்சுது. ஃபைல்களைக் கட்டி அனுப்பிட்டு, ஒரு டீ குடிச்சேன். பிரிவு உபசாரம் அவ்வளவுதான் :-)

நல்ல மாற்றம்தான், குறை சொல்ல மாட்டேன். எந்த ஊர்ல இருந்தும் ஆன்லைன்ல புகார் கொடுக்கலாம்; காகிதத்துல எழுதி சண்டிகருக்கு அனுப்பினா, எந்த மொழியிலயும் எழுதலாம்னு ஆக்கினாங்க. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது பெரிய விஷயம். வக்கீலும் வேண்டாம், கட்டணமும் கிடையாது. முதல்ல பாங்குக்கு எழுத்துல கொடுங்க, அத்தாட்சி வாங்கி வையுங்க, 30 நாள் பாருங்க. அப்புறம் தயங்காதீங்க.

ஆனா இப்போ பதில் எழுதறவர் முன்னாடி குடையோட யாரும் வந்து நிக்க மாட்டாங்க. அந்தக் கேள்வியை அவர்கிட்ட யார் கேட்பாங்க?