ஐந்தரை மணிப் பூசை

போன நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்க வங்கிக்குப் போயிருந்தேன். எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை "நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று காட்ட வேண்டும் அல்லவா, அதற்காக. வரிசையில் எனக்கு முன்னால் பழைய அலுவலக நண்பர் நின்றிருந்தார். ஒரே பிரிவில் பல வருஷம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து கோப்பு புரட்டியவர்கள் நாங்கள். அவர் மணக்குள விநாயகரைப் பார்க்காமல் அலுவலகத்துக்குள் கால் வைத்ததில்லை. பேச்சோடு பேச்சாகக் கேட்டார்:

"சார், ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு. நாங்க கோயிலுக்குப் போனா சாமியப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடுவோம். எப்பத் தோதுப்படுதோ அப்பப் போவோம். நீங்க மட்டும் ஏன் எல்லாரும் ஒரே நேரத்துல கூடி ஒரு மணி நேரம் உக்காந்திருக்கீங்க? தனியாப் போய்க் கும்பிட்டா ஆகாதா?"

அதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அப்போது என்னிடம் ஒழுங்கான பதிலும் இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் கோவிலுக்கு 'எக்லீஸ்' என்று பெயர். கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிற கட்டடமும் எக்லீஸ், அதில் கூடுகிற மக்களும் எக்லீஸ். 'எக்ளேசியா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கூப்பிட்டுக் கூட்டிய சபை என்று அர்த்தம். கட்டடம் பிறகு வந்த அர்த்தம். தமிழில் நமக்கு இந்தக் குழப்பம் இல்லை. கோவில் வேறு, திருச்சபை வேறு. ஆனால் நான் எழுபது வயது வரை 'கோவிலுக்குப் போகிறேன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சபைக்குப் போகிறேன் என்று நினைத்ததே இல்லை.

சின்ன வயதில் நான் பூசைக்கு உதவும் பையன். அப்போது பூசை லத்தீனில். சாமியார் ஜனங்களுக்கு முதுகு காட்டிப் பீடத்தைப் பார்த்து நிற்பார். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் லத்தீனில் பதில் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை அர்த்தம் தெரியாது, ஆனால் ஒரு எழுத்து பிசகாது. பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த பாட்டிமார்கள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். மணி அடித்தால் எல்லோரும் குனிவார்கள், பிறகு அவரவர் ஜெபமாலை. 1962 முதல் 1965 வரை ரோமையில் வத்திக்கான் சங்கம் நடந்தது. அதன் பிறகு பூசை தமிழுக்கு வந்தது, சாமியார் எங்கள் பக்கம் திரும்பினார், ஜனங்கள் வாய்விட்டுப் பதில் சொன்னார்கள். கொஞ்ச காலத்தில் இன்னொன்றும் வந்தது. நன்மை வாங்குவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்பிச் சமாதானம் சொல்ல வேண்டும்.

எனக்குச் சிக்கல் ஆனது இந்தக் கைகூப்புதல்தான்.

2008-இல் எங்கள் அம்மா இறந்தார்கள். வீடு எனக்கும் தம்பிக்கும் பாகம் ஆயிற்று. யாருக்குக் கிணற்றடி, யாருக்குத் தெருப்பக்கம் என்பதில் வார்த்தை தடித்தது. விவரம் வேண்டாம், இருவர் மேலும் தப்பு உண்டு, என் மேல் கொஞ்சம் கூடுதலாக. முற்றத்தின் நடுவில் சுவர் எழும்பியது. பேச்சு நின்றது. ஆனால் இருவருக்கும் பங்குக் கோவில் ஒன்றுதானே? ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிப் பூசைக்குப் போய்க்கொண்டிருந்த நான் காலை ஐந்தரைப் பூசைக்கு மாறிக்கொண்டேன். கேட்டவர்களிடம் "வெயிலுக்கு முன்னாடி முடிஞ்சிடும்" என்று சொன்னேன். உண்மைக் காரணம், தம்பியைப் பார்த்துக் கைகூப்ப எனக்கு மனசு வரவில்லை. யேசுநாதர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் சமாதானம் செய்துகொள், பிறகு வா என்று. நான் காணிக்கையையும் விடவில்லை, சமாதானமும் செய்யவில்லை. பூசை நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

எங்கள் ஊருக்கு இது புதிதல்ல. ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பில் 1745-ஆம் வருஷத்துச் செய்தி ஒன்று உண்டு. புதுச்சேரிக் கோவிலுக்குள்ளேயே ஒரு சுவர் எழுப்பி, தாழ்த்தப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்களை ஒரு பக்கமும் மற்றவர்களை இன்னொரு பக்கமும் உட்கார வைத்திருந்தார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் சாமியாரிடம் போய் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. கல் சுவர் இடிந்ததே தவிர, மனசுக்குள் இருந்தது அதற்குப் பிறகும் வெகுகாலம் நின்றது. பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று நாமே தீர்மானித்துக்கொள்ளும் ஆசை அப்படிப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்து நான் ஒரு காலத்தில் வருத்தப்பட்டேன், கோபப்பட்டேன். ஐந்தரை மணிப் பூசையும் ஒரு சுவர்தான் என்பது மட்டும் உறைக்கவில்லை.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச் கடைசியில் எல்லாக் கோவிலும் பூட்டு. அந்த வருஷம் ஈஸ்டர் பூசையை மாதா தொலைக்காட்சியில் பார்த்தேன். ஜூனில் கோவில்கள் திறந்தபோது அறுபத்தைந்து தாண்டியவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது என்றார்கள். எனக்கு முட்டி வலி வேறு. வீட்டில் பூசை பார்ப்பது பழகிப்போயிற்று. சாய்வு நாற்காலி, பக்கத்தில் காப்பி, பிரசங்கம் நீண்டால் சத்தத்தைக் குறைக்கலாம். சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லை. என்ன நிம்மதி! எல்லோருக்கும் கோவில் திறந்து, முகக்கவசமும் போய், நான் மட்டும் 2022 வரை நாற்காலியிலேயே இருந்தேன்.

அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். தம்பி நின்றிருந்தான். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு.

"கோவில் வாசல்ல மெழுகுவத்தி விக்கிற அம்மா கேட்டுது. 'உங்க அண்ணன் ஐயா அஞ்சரைப் பூசைக்கு வருவாரே, ரெண்டு வருஷமாக் காணோமே, இருக்காரா?'ன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

சின்ன வயதிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்டவன் 'நீங்க' என்றது எனக்குச் சுருக்கென்றது. உள்ளே கூப்பிட்டேன். காப்பி குடித்தான். முட்டி வலியைப் பற்றித்தான் பேசினோம். சுவரைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. பத்து ரூபாய்க்கு மெழுகுவத்தி வாங்கியிருக்கிறேன், முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்திருக்கிறார். நான் வராததையும் கவனித்திருக்கிறார். தொலைக்காட்சியில் பூசை வைத்த சாமியாருக்கு நான் பார்க்கிறேனா, தூங்குகிறேனா என்று எப்படித் தெரியும்? பேர் தெரியாத ஒரு பெண்மணிதான் கோவில் வாசலில் எனக்காக ஆயுள் சான்று கேட்டிருக்கிறார்.

வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில் ஆதிச் சபையைப் பற்றிப் பிரெஞ்சில் கொஞ்சம் படித்திருந்தேன். அதில் ஒன்று இப்போது புரிந்தது. ஏறக்குறைய கி.பி. 150-இல் புனித ஜஸ்டின் என்பவர் ரோமாபுரி மன்னனுக்கு எழுதிய விண்ணப்பத்தில் கிறிஸ்தவர்கள் கூடி என்ன செய்கிறார்கள் என்று விளக்குகிறார். ஞாயிற்றுக்கிழமை பட்டணத்தில் இருப்பவர்களும் நாட்டுப்புறத்தில் இருப்பவர்களும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். வேதம் வாசிக்கிறார்கள், எழுந்து நின்று எல்லோருக்காகவும் வேண்டுகிறார்கள், அப்பமும் இரசமும் பகிர்ந்துகொள்கிறார்கள். வர முடியாதவர்களுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். சேர்ந்த காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்களுக்குப் போகிறது. வராதவனுக்கும் பங்கு உண்டு என்றால், யார் வரவில்லை என்று யாராவது கவனித்தால்தானே முடியும்?

அவருக்கும் முன்னால், கொரிந்து நகரச் சபைக்கு சின்னப்பர் எழுதிய கடிதத்தில் கோபப்படுகிறார். வசதி உள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருக்கிறார்கள். இப்படிக் கூடுவது ஆண்டவருடைய விருந்தே ஆகாது என்கிறார். கூடினால் மட்டும் போதாது, பக்கத்தில் இருப்பவனைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் கோபம். யேசுநாதர் கற்பித்த ஜெபத்திலும் 'என்' தந்தை என்று இல்லை, 'எங்கள்' தந்தை. தனியறையில் சொன்னாலும் 'எங்கள்' என்றுதான் சொல்லியாக வேண்டும். அந்த 'எங்கள்' என்பதற்குள் என் தம்பி இருக்கிறான். எத்தனை மணிப் பூசைக்குப் போனாலும் அவனைக் கழிக்க முடியாது.

ஆகவே நண்பரே, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. தனியாகக் கும்பிட்டாலும் கடவுள் கேட்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தனியாகக் கும்பிடும்போது எனக்குப் பிடித்தவர்களை மட்டும் கூட வைத்துக்கொள்கிறேன். சபையில் அப்படி முடியாது. நான் தேர்ந்தெடுக்காத ஆட்களோடு ஒரே அப்பத்தில் பங்கு வாங்க வேண்டும், அவர்களைப் பார்த்துக் கைகூப்ப வேண்டும், அவர்கள் வராவிட்டால் ஏன் என்று கேட்க வேண்டும். நாங்கள் கூடுவது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். நான் இதைக் கற்றுக்கொள்ள எழுபது வயது தாண்டியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழரைப் பூசைக்குப் போனேன். தம்பி ஆட்டோ கொண்டுவந்தான். சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. கைகூப்பினேன், அவனும் கூப்பினான். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கை மட்டும் கொஞ்சம் நடுங்கியது, அது வயசுக்கோளாறாகவும் இருக்கலாம். வெளியே வந்து அந்த அம்மாவிடம் மெழுகுவத்தி வாங்கி, முதல் தடவையாகப் பெயரைக் கேட்டேன்.

முற்றத்துச் சுவர் இன்னும் நிற்கிறது. அதில் ஒரு கதவு வைக்கலாமா என்று போன வாரம் தம்பி கேட்டான். கொத்தனார் இன்னும் கூலி சொல்லவில்லை. பாதி அவன், பாதி நான் என்று பேசியிருக்கிறோம்.