ஒற்றைக் காலில் அம்மா

அம்மாவுக்கு 76 வயசு. போன மார்கழியில் ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்தவள், கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே தொப்பென்று விழுந்தாள். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. நெற்றியில் நாலு தையல். விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடினால், முகமெல்லாம் ரத்தத்தோடு, "ஒண்ணுமில்லைடா, நீ போய்ப் படு" என்கிறாள்!

விசாரிக்க வந்த எதிர் ஃபிளாட் மாமா, "வைட்டமின் டி கம்மி. வாரம் ஒரு பாக்கெட் பாலில் கலந்து கொடு" என்று தீர்ப்பு சொன்னார். மருந்துக்கடையில் சீட்டெல்லாம் கேட்கவில்லை. ஒரு பாக்கெட்டில் 60,000 யூனிட். என் மூளை சும்மா இருக்குமா? ஒன்று நல்லதென்றால் ரெண்டு இன்னும் நல்லதாச்சே!

தையல் பிரிக்கப் போனபோது டாக்டரம்மாவிடம் பெருமையாக இதைச் சொன்னேன். பாராட்டுவார் என்று பார்த்தால் முறைத்தார்.

"சார், இது என்ன தென்னைக்கு வைக்கிற உரமா? ஆஸ்திரேலியாவில் 70 தாண்டின 2,256 பெண்களை வைத்து ஒரு ஆராய்ச்சி, 2010-ல் வெளியானது. பாதிப் பேருக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட். அவங்கதான் அதிகமா விழுந்தாங்க, அதிகமா எலும்பை முறிச்சுக்கிட்டாங்க!"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ரத்தப் பரிசோதனையில் பாதாளத்தில் கிடந்தது பி12. சைவச் சாப்பாடு, பதினைந்து வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். ரெண்டுமே அதைக் குறைக்குமாம். குறைந்தால் நரம்பு மங்கி, பாதம் எங்கே ஊன்றுகிறது என்பதே சரியாகத் தெரியாது. பகலில் கண் சமாளித்துவிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு?

"தரை பஞ்சு மாதிரி இருக்குன்னு தீபாவளிக்கு முன்னாடியே இவன்கிட்ட சொன்னேனே" என்றாள் அம்மா, டாக்டரிடம்.

சொன்னாள்தான். "வயசானா அப்படித்தாம்மா" என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்ன மகராசன் நான்.

பி12 ஊசி போட்டார்கள். பாத்ரூம் வழியில் சின்ன விளக்கு மாட்டினேன். ஊசி மட்டும் போதாது, காலுக்குப் பலமும் பழக்கமும் வேணும் என்று டாக்டரம்மா சொன்னதால், தினமும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து செகண்ட், அப்புறம் மற்ற கால். பக்கத்தில் காவலுக்கு நான். இப்போதெல்லாம் நான் தலையைத் தூக்கித்தான் பார்க்கிறேன்.

இன்று காலை அடுப்பில் பால் பொங்கியது. அணைக்கப் பாய்ந்தேன்.

"நில்லுடா, எண்ணிக்கையை விட்டுடாதே. இன்னும் மூணு இருக்கு" என்றாள்.