கணினியில் இருக்கும் அமானிதம்



திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது: சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம். தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பலாகாது என்றும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்றும் அது கற்பிக்கிறது.

அஞ்செட்டியில் மளிகைக் கடை நடத்தும் என் அக்காவின் கணவர், கடன் கணக்கைப் பல ஆண்டுகளாகக் கணினியில்தான் எழுதி வருகிறார். சென்ற மாதம் அது திறக்கவே கால் மணி நேரம் பிடித்தது. உள்ளிருந்து ‘டிக், டிக்’ என்ற ஒலியும் வந்தது.

"எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள், மாப்பிள்ளை" என்றார்.

"வேண்டாம் மச்சான். முதலில் கணக்கை வெளியே எடுப்போம், பழுதைப் பிறகு பார்ப்போம்" என்றேன்.

மேசைக் கணினியின் ஹார்டு டிஸ்க்கில் உள்ள தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 7200 முறை சுழல்கிறது. படிக்கும் முனையோ அதன்மேல் சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. முனை தட்டில் உரசினால் அவ்விடத்தில் இருந்த எழுத்து மீளாது. ஆகவே, பழுதுற்ற டிஸ்க்கை ஓடவிடும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்தே. பிழை திருத்தும் ‘செக் டிஸ்க்’ கூட முதல் மருந்தன்று. அது டிஸ்க்கை மேலும் உழைக்க வைக்கும்.

கேபிள் தளர்ந்திருந்தாலும் கணினி மந்தமாகும் என்பதால், மின்சாரத்தைத் துண்டித்து அதனை மீண்டும் பொருத்தினோம். ஒலி நிற்கவில்லை. டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் இரண்டாவது டிஸ்க்காக இணைத்து, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளால் பார்த்தோம். கேபிள் கோளாற்றைக் காட்டும் சி7 என்ற வரி பூச்சியமாக இருந்தது. படிக்க இயலாது காத்திருக்கும் பகுதிகளைக் காட்டும் சி5 வரியோ பூச்சியமாக இல்லை. மஞ்சள் எச்சரிக்கை தெரிந்தது. பழுது டிஸ்க்கில்தான் என்பது உறுதியாயிற்று.

கடன் கணக்கை முதலிலும் குடும்பப் படங்களைப் பின்னரும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், பெரும்பகுதி கிடைத்தது. கடைசி இரண்டு மாதக் கணக்கு மட்டும் திறக்கவில்லை.

மச்சான் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என் ஞாபகத்தை வைத்து எழுதினால் ஒருவர் மீது பத்து ரூபாய் கூடிவிடலாம். வாங்கியவர்களே சொல்லட்டும், அதையே எழுதுகிறேன்" என்றார். அவ்வாறே கேட்டு எழுதினார். சிலர் வாங்கியதைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம்; அவர் அதைக் கிளறவில்லை.

யமாமா போரில் ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்களின் யோசனையை ஏற்று அபூபக்ர் (ரலி) அவர்கள் குர்ஆனைத் திரட்டும் பணியை ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகளைப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள். நெஞ்சங்களில் இருந்ததையே ஏட்டிலும் காத்த சமுதாயம் நாம். பிறர் ஹக்கு அடங்கிய கணக்கை ஒரே டிஸ்க்கை நம்பி விடலாமா?

இப்போது மச்சான் ஒவ்வொரு ஜுமுஆ நாளிலும் இரண்டு இடங்களில் நகல் எடுக்கிறார். உங்கள் வீட்டுக் கணினியிலும் பிறருடைய அமானிதம் இருக்கக்கூடும், இவ்வாரமே நகலெடுங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவரின் கணக்கையும் இலேசாக்குவானாக. ஆமீன்.